ஹாலோவீன் டின்னர் டேபிள்: அழகா வெக்கறேன்னு போய் பண்ற தப்புங்க

அக்டோபர் பாதி தாண்டினா போதும், நியூ ஜெர்ஸில எங்க வாட்ஸப் குரூப் முழுக்க ஆரஞ்சு கலர் தான். முதல் தடவையா வீட்ல ஹாலோவீன் டின்னர் வெக்கறவங்க போடற போட்டோவ எல்லாம் பாக்கறேன், நான் ஆரம்பத்துல சொதப்புன அதே சொதப்பல் வரிசையா வந்துட்டே இருக்கு. கலர் மேட்ச் பண்ணுங்க, துணிய அயர்ன் பண்ணுங்க மாதிரி விஷயம்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல.

செதுக்குன பம்ப்கின டேபிள் நடுவுல வெக்கறது

இதைப் பத்தி பேச்சு எடுத்தாலே எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வரும்.

பம்ப்கின்ல 90 சதவீதம் தண்ணி. தோல் முழுசா இருக்கற வரைக்கும் கவலை இல்ல, குளிர்ச்சியான இடத்துல வாரக்கணக்குல அப்படியே நிக்கும். கத்திய வெச்சு கண்ணு மூக்கு வெட்டினீங்கன்னா அன்னிலேர்ந்தே அழுக ஆரம்பிச்சிரும். வெளில வாசப்படில அந்த குளிர்ல ஒரு வாரம் ஓட்டலாம். வீட்டுக்குள்ள ஹீட்டர் 70 டிகிரி ஃபாரன்ஹீட்ல ஓடும்போது மூணு நாலு நாள்லயே உள்பக்கம் பூஞ்சை பிடிக்கும், அதுக்குள்ள டீ லைட்ட (குட்டி மெழுகுவர்த்தி) வேற ஏத்தினா லேசா வெந்து தொளதொளன்னு ஆயிடும். வாஸ்லின் தடவு, ப்ளீச் தண்ணில முக்குன்னு சொல்வாங்க, அதெல்லாம் ஒண்ணு ரெண்டு நாள் தள்ளிப்போடும், அவ்ளோ தான். கஷ்டம் என்னன்னா முன்பக்கம் பாத்தா அது பாட்டுக்கு சிரிச்சுக்கிட்டு இருக்கும், அடிப்பக்கம் கரைஞ்சுக்கிட்டு இருக்கும்.

தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி, வால்நட் வெனீர் (மேல ஒட்டற மெல்லிசு மரத்தகடு) போட்ட புது டேபிள் வாங்கி ரெண்டு மாசம் கூட ஆகல. பசங்களோட உக்காந்து சனிக்கிழமையே செதுக்கி, கருப்பு துணி விரிச்சு, நடுவுல ஜம்முனு வெச்சுட்டா. பார்ட்டி அடுத்த வெள்ளிக்கிழமை. ஹெல்ப் பண்ணலாம்னு வியாழக்கிழமை போறேன், கதவத் திறந்ததும் "அக்கா, ஹீட்டர் வென்ட்ல எலி எதாவது செத்துருக்குமோ, ரெண்டு நாளா ஒரே நாத்தம்"ங்கறா. எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. காம்பப் பிடிச்சு தூக்காதடின்னு சொல்றதுக்குள்ள தூக்கிட்டா, காம்பு கையோட வந்துச்சு, மூஞ்சி ரெண்டா பொளந்துச்சு, அடிப்பாகம் மட்டும் துணியோட ஒட்டிக்கிட்டு கெடந்துச்சு. துணிய உரிச்சுப் பாத்தா சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு கருப்பு வட்டம், அந்த எடத்துல வெனீர் உப்பி ஓரம் மேல தூக்கிட்டு நிக்குது. மயோனைஸ் தேய்ச்சா போகும், ஹேர் ட்ரையர் காட்டினா போகும்னு ராத்திரி வரைக்கும் யூடியூப் வைத்தியம். மேலாப்புல வெள்ளையா படியற ஈரக்கறைக்கு அதெல்லாம் கேக்கலாம், வெனீர் உப்பிருச்சுன்னா ஒண்ணும் கேக்காது. ரீஃபினிஷ் பண்றவர் சொன்ன ரேட்டக் கேட்டு டேபிள அப்படியே விட்டுட்டாங்க, இப்போ அந்த எடத்துல வருஷம் முழுக்க ஒரு ட்ரே உக்காந்திருக்கு.

"அதான் கீழ துணி இருக்குல்ல"ன்னு எங்கிட்ட வாதாடறவங்க இருக்காங்க பாருங்க, அவங்களுக்கு எப்படி புரிய வெக்கறதுன்னே தெரியல. துணி தாங்க வில்லன். துணி இல்லன்னா கசியறது கண்ணுல பட்டுரும், துணி அந்த தண்ணிய உறிஞ்சி நாள் கணக்குல மரத்தோட ஒட்டி வெச்சிருக்கும்.

டேபிளுக்கு முழு பம்ப்கின் வாங்குங்க. உள்ளங்கைல அடங்கற குட்டி, வெள்ளைத் தோல் உள்ளதுன்னு சூப்பர்மார்க்கெட்லயே குவிச்சு வெச்சிருப்பான், வெட்டாம வெச்சா நவம்பர் கடைசில வர்ற தேங்க்ஸ்கிவிங் வரைக்கும் கூட ஓட்டலாம். அதுக்கு அடியிலயும் விளிம்பு உள்ள தட்டு ஒண்ணு வேணும், தினம் ஒரு தடவை கைய அடில குடுத்து தூக்கிப் பாருங்க, மெத்துன்னு இருந்தா குப்பைக்கு. செதுக்குனது வாசப்படில இருக்கட்டும், டேபிள்ல முகம் வெச்சே ஆகணும்னா கிராஃப்ட் கடைல செதுக்கற மாதிரியே ஃபோம் பம்ப்கின் கிடைக்குது.

பஞ்சு வலையும் நெருப்பும்

அந்த வெள்ளை சிலந்தி வலை பாக்கெட்ல இருக்கறது பெரும்பாலும் பாலியஸ்டர். மெழுகுவர்த்தி பக்கத்துல போனா குப்புனு பிடிக்கும், உருகி வேற சொட்டும். 2024-ல தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள்ல வந்துச்சு இல்லயா, அன்னிக்கு ஒரு வீட்ல குத்துவிளக்கு மேலேர்ந்து ஷாண்டிலியர் வரைக்கும் இந்த வலைய இழுத்து விட்டிருந்தாங்க, பாத்த எனக்கு தான் அடிவயிறு கலங்குச்சு.

எல்ஈடி டீ லைட் போதும். ஆனா வாங்கறப்போ பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டதான்னு திருப்பிப் பாருங்க. உள்ள இருக்கறது பட்டன் பேட்டரி, குழந்தை முழுங்கிருச்சுன்னா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாய அரிச்சிரும். 2022-ல அமெரிக்கால இதுக்குன்னே ரீஸ் சட்டம் வந்துச்சு, பழைய ஸ்டாக்கும் கன்னாபின்னா ஆன்லைன் அயிட்டமும் இன்னும் சுத்திக்கிட்டு தான் இருக்கு.

வாசனை மெழுகுவர்த்தி

பிரியாணி வெக்கற டேபிள்ல பட்டை, ஜாதிக்காய் மணக்கற பம்ப்கின் ஸ்பைஸ் கேண்டில் எதுக்கு? பாத்ரூம்ல வைங்க.

உயரம்

ஒரு அடிக்கு மேல வேண்டாம். எதிர்ல இருக்கறவங்க மூஞ்சி தெரியணும்.

பச்சை பல்பு, ஊதா பல்பு

போட்டோக்கு ஓகே. அந்த வெளிச்சத்துல சிக்கன் சாம்பல் கலர்ல தெரியும், ஒருத்தரும் ரெண்டாவது தடவை போட்டுக்க மாட்டாங்க. கலர் பல்ப சுவத்துப் பக்கம் திருப்பிட்டு, டேபிளுக்கு சாதா மஞ்ச வெளிச்சமே விட்டுருங்க.

எடமே இல்லாம நிரப்பறது

ஒரு ஆளுக்கு குறைஞ்சது ரெண்டு அடி அகலம் வேணும். இதுல மண்டை ஓடு, காக்கா, கண்ணாடி குடுவை எல்லாம் பரப்பி வெச்சா பாத்திரத்த எங்க எறக்கறது? அதோட ஹாலோவீன் அன்னிக்கு எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடற கதையே நடக்காது, பாதில சாக்லேட் கேட்டு வர்ற பசங்க காலிங் பெல் அடிச்சுக்கிட்டே இருப்பாங்க, எட்டரை மணிக்கு நம்ம பசங்க பை நிறைய சாக்லேட்டோட வந்து அதே டேபிள்ல கொட்டி "எனக்கு இது, உனக்கு அது"ன்னு பண்டமாத்து ஆரம்பிக்கும். ஒரு ஓரத்த காலியா விடுங்க.

கிளிட்டர்

டப்பால நான்-டாக்ஸிக்னு போட்டிருந்தா சாப்பிடலாம்னு அர்த்தம் இல்ல. எடிபிள்னு இருக்கணும்.

மரு மருவா இருக்கற அலங்கார சுரைக்காய்

பார்ட்டி முடிஞ்சதும் வீணாக்காம கூட்டு வெக்கலாம்னு தோணும். கசக்கும், வயித்தையும் கெடுக்கும். விட்டுருங்க.

ட்ரை ஐஸ்

பஞ்ச் பௌல்லேர்ந்து புகை வழியறது சூப்பரா தான் இருக்கு. ஆனா அது மைனஸ் 78 டிகிரி செல்சியஸ், வெறுங்கையில தொட்டா தோல் பொசுங்கிரும், துண்டு ஒண்ணு வாய்க்குள்ள போச்சுன்னா நேரா எமர்ஜென்ஸி தான். பெரிய பௌல்ல வெந்நீரும் ட்ரை ஐஸும், அதுக்குள்ள சின்ன பௌல்ல ஜூஸ், ரெண்டும் கலக்கவே கூடாது. ஜன்னல் ஒண்ணு லேசா தெறந்திருக்கணும், வர்றது அத்தனையும் கார்பன் டை ஆக்ஸைடு. மிச்சம் இருந்தா டப்பால போட்டு இறுக்கி மூடாதீங்க, வெடிக்கும். சிங்க்லயும் கொட்டாதீங்க, குழாய் விரிசல் விடும். திறந்த கூலர்ல போட்டு பசங்க கை எட்டாத மாதிரி வெளில வெச்சுட்டீங்கன்னா காலைல காணாம போயிருக்கும்.