இரவுக் கடை லைசன்ஸ்: கவுன்சிலுக்குப் போகுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் ஈஸ்ட்ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கங்களில் கடை நடத்தும் நம்மவர்களில் பலர், லைசன்ஸ் என்றால் மதுபானத்துக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும் 2003ஆம் ஆண்டு லைசன்ஸிங் சட்டப்படி, இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை சூடான உணவோ சூடான பானமோ விற்பதற்கும் கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், லைசன்ஸ் வேண்டும். 11 மணிக்குப் பிறகு ஒரு கொத்துரொட்டி போட்டுக் கொடுத்தாலும் வேண்டும், ஒரு கோப்பை தேநீர் விற்றாலும் வேண்டும். ஆறிப்போன ரோல்ஸை அப்படியே பையில் போட்டுக் கொடுத்தால் தேவையில்லை. ஆனால், வாங்கியவர் தாமே சூடாக்கிக்கொள்ளட்டும் என்று கடைக்குள் ஒரு மைக்ரோவேவ் வைத்திருந்தால், சட்டத்தின் கண்ணில் அந்த ரோல்ஸும் சூடான உணவுதான். ‘கதவைச் சாத்திவிட்டோம், டெலிவரி மட்டும்தான்’ என்ற சமாதானமும் செல்லாது. லைசன்ஸ் இல்லாமல் விற்றதாக நிரூபணமானால் உச்சவரம்பில்லாத அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

அடுத்ததை நான் மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நல்ல உழைப்பாளிகள் மாட்டிக்கொள்வது இதில்தான். விண்ணப்பத்தில், கடையை எப்படி நடத்துவோம் என்று விவரிக்கும் பகுதி ஒன்று உண்டு. அதை ஏஜெண்ட் எழுதுகிறார். நாம் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம். வேறு ஏதோ கடைக்கு எழுதியதை அவர் அப்படியே எடுத்து ஒட்டியிருக்கலாம். அங்கே எழுதிக்கொடுத்ததுதான் பிறகு லைசன்ஸின் நிபந்தனையாக அச்சாகி வருகிறது. நிபந்தனையை மீறி விற்பது, லைசன்ஸே இல்லாமல் விற்பதற்குச் சமமான குற்றம்.

ஓர் உதாரணம். கடைக்கான லைசன்ஸ் தவிர, மதுபான விற்பனைக்கு அனுமதி கொடுக்கத் தனிநபருக்குக் கவுன்சில் தருவது பெர்சனல் லைசன்ஸ். ‘மதுபானம் விற்கும் நேரம் முழுவதும் பெர்சனல் லைசன்ஸ் உள்ள ஒருவர் கடையில் இருப்பார்’ என்று படிவத்தில் ஒரு வரி. கணவனும் மனைவியும் மாறி மாறி நிற்கும் கடை. பெர்சனல் லைசன்ஸ் கணவனிடம் மட்டும் இருக்கிறது. அவர் சரக்கு எடுக்க மொத்தக் கடைக்கு (கேஷ் அண்ட் கேரி) போய் வரும் நேரத்தில் மனைவி விற்கும் ஒவ்வொரு பியரும் நிபந்தனை மீறல். சட்டம் பொதுவாக அவ்வளவு கேட்பதே இல்லை. பெர்சனல் லைசன்ஸ் உள்ளவர் விற்பனைக்கு அனுமதி கொடுத்திருந்தால் போதும். அந்த அனுமதியை எழுதி வைப்பது நல்லது. கேட்காத வாக்குறுதியை நாமே கொடுத்து, நம் கையை நாமே கட்டிக்கொள்கிறோம். சிசிடிவியும் இப்படித்தான். 31 நாள் பதிவை வைத்திருப்போம், போலீஸ் கேட்டால் எடுத்துக் கொடுப்போம் என்று எழுதியிருக்கும். ஆனால் அந்தப் பெட்டியில் இரண்டு வாரத்துப் பதிவுதான் நிற்கும். அதை எடுத்துக் கொடுக்கவும் இரவு வேலைக்கு நிற்கும் பையனுக்குத் தெரியாது. ஒவ்வொரு வரியையும், ‘நம் கடையில், நம் ஆட்களோடு, ஞாயிற்றுக்கிழமை இரவில் இது நடக்குமா?’ என்று கேட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

விண்ணப்பம் கொடுத்த மறுநாளிலிருந்து 28 நாள், வெளிர்நீல ஏ4 தாளில் அறிவிப்பு கடைக்கு வெளியே தெரிய வேண்டும். அதை மொபைல் டாப்-அப் விளம்பரத்துக்குப் பின்னால் ஒட்டினால் அந்த 28 நாளும் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரலாம். முதல் பத்து வேலை நாட்களுக்குள் உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் வர வேண்டும். இந்தக் காலத்தில் முறையான ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்றால் கவுன்சில் லைசன்ஸை வழங்கியே ஆக வேண்டும். அப்படியிருக்க, போலீஸின் லைசன்ஸிங் அதிகாரியிடமும் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவிடமும் முன்கூட்டிப் பேசாமல் விண்ணப்பத்தைப் போடுவது ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை. விடியற்காலை மூன்று மணி வரை கேட்டு எதிர்ப்பைச் சம்பாதிப்பதைவிட, ஒரு மணி வரை மட்டும் கேட்டு, அவர்கள் ஒத்துக்கொள்ளும் நிபந்தனைகளைப் பேசி முடிப்பது மேல்.

ஆட்சேபம் வந்துவிட்டால் விசாரணை. பொதுவாக மூன்று கவுன்சிலர்கள் அமர்ந்திருப்பார்கள். அவர்கள் பார்க்க வேண்டியவை நான்கு: குற்றமும் ஒழுங்கீனமும் தடுக்கப்படுமா, பொதுமக்களுக்குப் பாதுகாப்பு இருக்குமா, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை வராதா, சிறுவர்களுக்குத் தீங்கு நேராதா. ‘குடும்பம் இந்தக் கடையை நம்பித்தான் இருக்கிறது’ என்பது உண்மையான வலி. ஆனால் இந்த நான்கில் அது எதற்கும் பதில் ஆகாது. நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் கையெழுத்துகளும் அப்படியே. மேல்மாடியில் குழந்தையோடு குடியிருப்பவர், ‘டெலிவரி ஸ்கூட்டர்கள் நள்ளிரவில் ஜன்னலுக்குக் கீழே இன்ஜினை அணைக்காமல் நிற்கின்றன’ என்று தேதி போட்டு எழுதியிருந்தால், அதற்குத்தான் பதில் வேண்டும். ஸ்கூட்டர்கள் எங்கே நிற்கும், வாசலில் கூட்டம் சேர்ந்தால் யார் பேசுவார்கள், குப்பையை எத்தனை மணிக்கு வெளியே வைப்பீர்கள் என்று சொல்லுங்கள். அவருடைய தூக்கமும் நம்முடைய வியாபாரத்துக்குச் சமமான நியாயம்தான்.

எதிர்ப்பவர்களும் தவறு செய்கிறார்கள். ‘இந்தத் தெருவில் ஏற்கெனவே ஐந்து கடை இருக்கிறது’ என்பது மட்டும் காரணமாகாது. கடை தேவையா என்பது வியாபாரியின் கணக்கு. ஆனால் வெஸ்ட்மின்ஸ்டரின் வெஸ்ட் எண்டைப் போல, கடைகள் குவிந்ததால் வரும் பாதிப்புக்கென்று கவுன்சில் தனிக் கொள்கை வைத்திருக்கும் வட்டாரங்களில் கதை வேறு. அங்கே, கூடுதல் பாதிப்பு வராது என்று காட்டும் சுமை விண்ணப்பதாரர் தலையில் விழும். வெறும் அச்சத்தை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்பதை 2008இல் வடமேற்கு இங்கிலாந்தின் விரல் (Wirral) பகுதியிலுள்ள மதுக்கூடம் ஒன்றின் வழக்கில் உயர் நீதிமன்றம் தெளிவாக்கியது. அந்த மதுக்கூடத்துக்கான நேரத்தைக் குறைத்த மாஜிஸ்திரேட்டுகளின் தீர்ப்பு, சான்று போதாது என்று ரத்தானது.

முடிவு பாதகமாக வந்தால், அறிவிப்புக் கிடைத்த 21 நாட்களுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். கவுன்சில் சொன்ன காரணங்களுக்கு அங்கே மதிப்பு உண்டு. அவை தவறு என்று காட்டுவது நம் பொறுப்பு. ஆகவே விசாரணைக்கு அரைகுறையாகப் போய்விட்டு நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

கடத்தல் சிகரெட், வேலை செய்ய உரிமை இல்லாத ஆள் ஆகிய இரண்டிலும் ‘முதல் தடவைதானே’ என்ற கருணையை எதிர்பார்க்கவே வேண்டாம். அரசின் வழிகாட்டுதலே, முதல் தடவையானாலும் லைசன்ஸை ரத்து செய்வது பற்றித் தீவிரமாக யோசிக்கச் சொல்கிறது. 2016இல் ஈஸ்ட் லிண்ட்சி கவுன்சிலின் வழக்கில், உரிமை இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்த உணவகத்தின் லைசன்ஸ் ரத்தானது சரியே என்றும், அதற்குக் குற்றத் தீர்ப்பு வந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்றும் உயர் நீதிமன்றம் சொன்னது.

நடக்கும் கடையை வாங்குகிறவர்களுக்கு ஒன்று. சுவரில் மாட்டியிருக்கும் தாளைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஆண்டுக் கட்டணம் கட்டாமல் லைசன்ஸ் இடைநிறுத்தப்பட்டிருக்கலாம். லைசன்ஸ் ஒரு கம்பெனியின் பெயரில் இருந்து, அந்தக் கம்பெனி கலைக்கப்பட்டிருந்தால், அன்றே லைசன்ஸும் காலாவதி. 28 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பம் போட்டால் மீட்கலாம். தவறினால் புதிய விண்ணப்பம், மறுபடி நீலத் தாள். கம்பெனிகள் பதிவகத்தின் (Companies House) இணையதளத்தில் அந்தப் பெயரை இலவசமாகவே தேடலாம். சாவி கைமாறும் முன் தேடுங்கள்.