உடன்பிறந்தவர்களோடு பேச ஒரு நேரம்: புதிதாக வெளிநாடு வருபவர்களுக்கு

கிளம்பும் அவசரத்தில் பெட்டியை நாலு முறை எடை போடுவோம், பாஸ்போர்ட்டைப் பத்து முறை தொட்டுப் பார்ப்போம். அண்ணனோடோ தங்கையோடோ இனி எப்போது பேசப்போகிறோம் என்பதை மட்டும் "போய்ப் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுவோம். வந்த பிறகு வேலை, தூக்கம், புது இடத்து அலைச்சல். கொஞ்ச நாளில் பேச்சு பிறந்தநாள் வாழ்த்தாகச் சுருங்கிவிடும். அதனால் கிளம்பும் முன்பே வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் குறித்துவிடுங்கள். அப்பா அம்மாவோடு எல்லோரும் சேர்ந்து பேசுவது வேறு. இது உங்கள் இருவருக்கு மட்டும்.

நேரக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுக்க ஒரே நேரம். பிரிட்டனிலும் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளிலும் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்து, அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே வைப்பார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான இடங்களில் அது மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. லண்டனுக்கும் ஊருக்கும் கோடையில் நாலரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை. நான் வந்த முதல் அக்டோபரில் இது உறைக்கவில்லை. வழக்கம்போல மாலை ஐந்து மணிக்கு அழைத்தேன். ஒன்பதரையிலிருந்து ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தங்கைக்கு அப்போது பத்தரை. "மறந்துட்டியோன்னு நெனச்சேன்" என்றாள், தூக்கக் குரலில். அன்றிலிருந்து எங்கள் நேரம் அவள் கடிகாரப்படிதான். அது மாறுவதில்லை.

ஊர் சிம்மைத் தூக்கிப்போடாதீர்கள். வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். கிளம்பும் முன் ரோமிங்கைத் திறந்துவிடுங்கள். இந்தியாவில் தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்டு எண்ணை முடக்கிவிட வாய்ப்புண்டு, பிறகு அது வேறொருவருக்குப் போகும். ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை ஊரில் இருப்பவரிடம் கொடுங்கள். இங்கே புது சிம் போட்டாலும், பழைய சிம்மையும் ஃபோனிலேயே வைத்திருந்தால் வாட்ஸப் பழைய எண்ணிலேயே ஓடும். ஐக்கிய அரபு அமீரகம் போகிறவர்களுக்கு ஒன்று: அங்கே வாட்ஸப்பில் செய்தி போகும், அழைப்பு போகாது. அங்கே அனுமதியுள்ள போட்டிம் போன்ற செயலியை இருவர் ஃபோனிலும் முன்பே ஏற்றிவிடுங்கள்.

பெரிய சேதி இருந்தால்தான் பேச வேண்டும் என்றில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது அரை நிமிடம் குரல் பதிவு அனுப்புங்கள்: "கை வெறச்சுப் போச்சுடி, பஸ் இன்னும் வரல." பின்னால் கேட்கும் காற்றுச் சத்தத்திலேயே அவளுக்கு உங்கள் தெரு தெரிந்துவிடும்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இது: ஊரில் இருப்பவர்தான் இனி அப்பா அம்மாவின் ஆஸ்பத்திரி, மருந்து எல்லாம் சுமக்கப்போகிறார். "தூரத்துல இருக்கான், பயந்துடுவான்" என்று உங்களிடம் மறைக்கத் தோன்றும். மறைக்க வேண்டாம் என்று கிளம்பும் முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்களும் வேலை போனதை, காய்ச்சலில் கிடந்ததை மறைக்காதீர்கள். அம்மாவைப் பற்றிக் கேட்டு முடித்ததும் "நீ எப்படி இருக்கே?" என்று தனியாகக் கேளுங்கள், பதில் வர நேரமானாலும் காத்திருங்கள்.

நடுராத்திரி அவசரத்துக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். நெட் அணைந்திருந்தால் வாட்ஸப் ஒலிக்காது. அதனால் உங்கள் வெளிநாட்டு எண்ணை நாட்டுக் குறியீட்டோடு காகிதத்தில் எழுதி வீட்டில் ஒட்டச் சொல்லுங்கள். அவசரமென்றால் நேராக அந்த எண்ணுக்கே அழைக்கட்டும். ஃபோனை அமைதியில் போட்டுத் தூங்கினாலும் உடன்பிறந்தவர் எண் மட்டும் ஒலிக்கும்படி அமைத்துவிட்டு, ஒருமுறை அழைக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.