லூக்காவைப் படிக்கையில் எங்கே சறுக்குகிறோம்?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டு ஜெபக் கூட்டங்களில் கெட்ட குமாரன் கதை, அதாவது தகப்பனிடம் பங்கு வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பி வரும் இளைய மகனின் கதை, எல்லோருக்கும் மனப்பாடம். மனப்பாடம் என்பதாலேயே அதை பைபிளில் லூக்கா சுவிசேஷத்தின் 15-ஆம் அதிகாரத்தில் 11-ஆம் வசனத்தில் தொடங்கிவிடுகிறோம். முதல் இரண்டு வசனங்களை விட்டால் கதை பாதிதான். இயேசு பாவிகளோடு சாப்பிடுகிறாரே என்று பரிசேயரும் (நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவினர்) வேதபாரகரும் (வேத அறிஞர்கள்) அங்கே முறுமுறுக்கிறார்கள். காணாமற்போன ஆடு, வெள்ளிக்காசு, மகன் ஆகிய மூன்று கதைகளும் அதற்குப் பதில். வயலிலிருந்து வந்து வீட்டுக்குள் நுழைய மறுக்கும் மூத்த மகன் யாருடைய சாயல் என்பது அப்போதுதான் பிடிபடும். அவன் கடைசியில் உள்ளே போனானா? லூக்கா சொல்லவில்லை. நாமாக முடித்துவைக்கவும் கூடாது.

14-ஆம் வசனமும் பிரசங்கங்களில் அடிபட்டுப் போகிறது. இளையவன் ஊதாரிதான், ஆனால் கையிருப்பு தீர்ந்த பிறகு அந்தத் தேசத்தில் கொடிய பஞ்சமும் வந்தது. அவனுக்குப் பன்றித் தீவனத்தைக்கூட யாரும் கொடுக்கவில்லை. மழை பொய்த்தால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பும் குடும்பங்கள் நிறைந்த பென்னாகரம், அரூர் பக்கத்தில் இந்த வசனத்தைத் தாண்டிப் போவது எனக்கு விந்தையாகவே படுகிறது.

இயேசுவின் வாழ்வைச் சொல்லும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு சுவிசேஷங்களையும் கலந்துவிடுவது இன்னொரு பழக்கம். கிறிஸ்துமஸ் குடிலில் மேய்ப்பர்களும் சாஸ்திரிகளும் (கிழக்கிலிருந்து வந்த ஞானிகள்) சேர்ந்து நிற்கட்டும், அழகுதான். படிக்கும்போது மட்டும் பிரித்துப் பாருங்கள்: சாஸ்திரிகளும் நட்சத்திரமும் மத்தேயுவில்தான் உண்டு. லூக்காவில் செய்தி முதலில் போவது இரவில் மந்தை காத்தவர்களுக்கு. யார் பாக்கியவான்கள் என்று இயேசு சொல்லும் இடத்தில் மத்தேயு ‘ஆவியில் எளிமையுள்ளவர்கள்’ என்கிறார். லூக்கா தரித்திரர் என்றே சொல்லி, நான்கு வசனம் தள்ளி ஐசுவரியவான்களுக்கு ‘ஐயோ’ என்கிறார். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மழுப்புவது சௌகரியம், அவ்வளவே.

7-ஆம் அதிகாரத்தில் வரும் பாவியான பெண்ணுக்குப் பெயர் இல்லை. அவள்தான் இயேசுவைப் பின்பற்றிய மகதலேனா மரியாள் என்று லூக்கா எங்கும் எழுதவில்லை.

லூக்கா பன்னிரு சீடரில் ஒருவர் அல்ல. கண்ணால் கண்டவர்களிடமிருந்து வந்ததை விசாரித்து எழுதியதாக அவரே முன்னுரையில் சொல்கிறார். கொலோசெயர் நிருபம் அவரை வைத்தியர் என்கிறது. அதற்காக வசனத்துக்கு வசனம் மருத்துவச் சொல் தேடவேண்டியதில்லை. அத்தகைய சொற்கள் வைத்தியரல்லாத அக்கால எழுத்தாளர்களிடமும் உண்டு.

24-ஆம் அதிகாரத்தோடு மூடிவிடவும் வேண்டாம். பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் என்ற புத்தகம், லூக்கா தன் சுவிசேஷத்தை எழுதிய அதே தெயோப்பிலு என்பவருக்கு எழுதிய இரண்டாம் பாகம். எருசலேம் தேவாலயத்தில் முடியும் சுவிசேஷம், அதில் ரோமாபுரியில் பவுல் தங்கிய வாடகை வீடு வரை போகிறது.