டேட்டாபேஸை மாற்றிய பிறகு சாஃப்ட்வேர் இழுக்கிறதா? எதை முதலில் பார்ப்பது

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடைக்கோ ஆத்தூர் பக்கத்து சேகோ ஆலைக்கோ பில்லிங் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை அதன் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸை 11-ஆம் பதிப்பிலிருந்து 16-க்கு மாற்றினீர்கள், திங்கள் காலை கடையிலிருந்து போன்: "சனிக்கிழமை நல்லாத்தானே ஓடுச்சு, இப்ப பாக்கி லிஸ்ட் திறக்கவே மாட்டேங்குதுங்க." அந்தப் பதற்றத்தில் ரேம் வாங்கிப் போடாதீர்கள், கண்ணில் பட்ட காலத்துக்கெல்லாம் (டேபிளின் நெடுவரிசை) இண்டெக்ஸும், அதாவது தேடலை வேகமாக்கும் அட்டவணையும், போடாதீர்கள்.

எல்லாமே இழுக்கிறதா, ஒன்றிரண்டு ஸ்கிரீன் மட்டுமா என்று முதலில் கேளுங்கள்.

எல்லாமே என்றால் பார்க்க இரண்டு இடம். பதிப்பை மாற்றும் கருவியான பிஜி_அப்கிரேடு பழைய கான்ஃபிக் ஃபைலை (அமைப்புகள் இருக்கும் ஃபைல்) கொண்டுவராது. மெமரி அமைப்புகளான ஷேர்டு பஃபர்ஸ் 128 எம்பி, வொர்க் மெம் 4 எம்பி என்று புது சர்வர் ஆரம்ப நிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். இன்னொன்று, 17-ஆம் பதிப்பு வரை அது டேட்டாவைப் பற்றிய புள்ளிவிவரங்களையும் கொண்டுவராது, 18-இல்தான் பெரும்பகுதி கூடவே வருகிறது. எந்த மதிப்பு எவ்வளவு அடிக்கடி வரும் என்பது தெரியாமல், குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் பிளானர் குருட்டாம்போக்கில் வழி போடும். டேட்டாபேஸ் முழுக்க, புள்ளிவிவரம் சேகரிக்கும் அனலைஸ் கட்டளையை ஓட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

அதற்கும் அடங்காத குவெரியை, ஒன்றிரண்டு ஸ்கிரீன் மட்டும் இழுத்தால் அவற்றின் குவெரியையும், எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் (குவெரியை ஓட்டி, அது போன வழியைக் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். நேரத்தை விடுங்கள், பிளானர் எதிர்பார்த்த வரிசைகள் எத்தனை, உண்மையில் வந்தது எத்தனை, அதுதான் முக்கியம். ஊர் ஏற்காடு, மாவட்டம் சேலம் என்று இரண்டு கண்டிஷன் இருந்தால், ஏற்காடு என்றாலே சேலம் மாவட்டம்தான் என்பது பிளானருக்குத் தெரியாது, இரண்டையும் தனித்தனியாக எண்ணிப் பெருக்கி மிகக் குறைவாக மதிப்பிடும்; கொஞ்சம்தானே என்று நெஸ்டட் லூப்பில் (ஒவ்வொரு வரிசைக்கும் அடுத்த டேபிளைத் தேடும் முறை) இறங்கி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். இதற்கு மருந்து இண்டெக்ஸ் இல்லை. அந்த இரண்டு காலத்துக்கும் சேர்த்துப் புள்ளிவிவரம் எடுக்கச் சொல்லும் கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கட்டளையைப் போட்டு மறுபடி அனலைஸ் செய்ய வேண்டும்.

மதிப்பீடு சரியாக இருந்தும் மெதுவாக ஓடினால், 12-ஆம் பதிப்பில் வந்த மாற்றங்களைச் சந்தேகப்படுங்கள். குவெரியில் வித் (WITH) போட்டு எழுதிய பகுதியை முன்பு தனியாக ஓட்டி முடிக்கும், 12 முதல் ஒரே இடத்தில் பயன்படுத்தினால் வெளிக் குவெரியோடு கலந்துவிடும். மெட்டீரியலைஸ்டு என்று சேர்த்தால் பழைய நடத்தை திரும்பும். குவெரியை ஓடும்போதே மெஷின் கோடாக மாற்றும் ஜேஐடியும் 12 முதல் தானாகவே ஆனில் இருக்கிறது. பிளானின் அடியில் அதன் நேரமே பெரிதாகத் தெரிந்தால், சின்னக் கடை சர்வரில் நான் யோசிக்காமல் அணைத்துவிடுவேன்.

பழைய பதிப்புக்கே திரும்புவது கடைசி வழி. லிங்க் முறையில் (ஃபைல்களை நகலெடுக்காமல் பழையவற்றையே பயன்படுத்துவது) மாற்றிப் புது சர்வரை ஒருமுறை ஓட்டிவிட்டால் பழையதை அப்படியே கிளப்ப முடியாது, பேக்கப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும், திங்கள்கிழமை போட்ட பில்கள் அதில் இருக்காது.