ஹீட்டர் பெட்டியில் பிடியூ என்று போட்டிருந்தால் வாட்டுக்கு மாற்றுவது எப்படி?

டிசம்பர் கடைசி. தில்லி மயூர் விஹாரில் எங்கள் மாடி வீட்டு மாமி ஒரு அட்டைப் பெட்டியோடு இறங்கி வந்தார். அமெரிக்காவிலிருந்து வந்துபோன மகன் கொடுத்துவிட்டுப் போன ரூம் ஹீட்டர். பெட்டியில் 5118 பிடியூ என்று போட்டிருந்தது.

"ஏம்ப்பா, பகீரத் பேலஸ் கடைக்காரன் இந்த ரூமுக்கு 2000 வாட் ஹீட்டர் வேணும்ங்கறான். இது 5118. அப்போ ரெண்டரை மடங்கு பெரிசா?"

இல்லை மாமி, அதைவிடச் சின்னது. அவருக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டியதையே இங்கே எழுதுகிறேன். போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

படி 1: அளவா, வேகமா?

ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி பாரன்ஹீட் சூடாக்கத் தேவைப்படும் வெப்பம் ஒரு பிடியூ. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கினால் அது ஒரு கிலோகலோரி. இரண்டும் வெப்பத்தின் அளவுகள், குடத்தில் பிடித்து வைத்த தண்ணீர் மாதிரி. வாட் அப்படியல்ல, குழாயில் தண்ணீர் வரும் வேகம். வினாடிக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வாட், நேரம் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஆகவே பிடியூவை வாட்டோடு ஒப்பிட வேண்டுமானால் 'மணிக்கு இத்தனை பிடியூ' என்று இருக்க வேண்டும். பெட்டிகளில் அந்த 'மணிக்கு' பெரும்பாலும் விடுபட்டுப் போகும். நாமே சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

படி 2: இரண்டு எண்கள்

ஒரு கிலோவாட் என்றால் மணிக்கு 3412 பிடியூ. 1234-ஐ நடுவில் வெட்டி, பின்பாதியை முன்னால் வையுங்கள்: 3412. இனி மறக்காது.

அதே ஒரு கிலோவாட், மணிக்கு 860 கிலோகலோரி.

பிடியூவை 3412-ஆல் வகுத்தால் கிலோவாட். மாமியின் ஹீட்டர்: 5118 ÷ 3412 = 1.5 கிலோவாட், அதாவது 1500 வாட். திருப்பிப் போட வேண்டுமானால் பெருக்குங்கள். கடைக்காரர் சொன்ன 2000 வாட், 6824 பிடியூ. கடையில் நின்றுகொண்டு மனக்கணக்காகப் போட, பிடியூவில் பத்தில் மூன்று பங்கு என்று எடுத்தால் ஏறக்குறைய வாட் வந்துவிடும்.

படி 3: டன்

ஏசிக்காரர்கள் சொல்லும் டன் எடையைக் குறிப்பதல்ல, ஆனால் எடையிலிருந்து வந்ததுதான். இயந்திரக் குளிரூட்டல் வருவதற்கு முன் குளிர்ச்சிக்கு ஐஸ் கட்டிதான். 2000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அந்த வேகம் ஒரு டன். ஒரு பவுண்டு ஐஸ் உருக 144 பிடியூ. 2000 × 144 ÷ 24 = 12000. ஆக, ஒரு டன் என்பது மணிக்கு 12000 பிடியூ, சுமார் 3.5 கிலோவாட்.

தில்லியில் இப்போது பலர் வாங்கும் 'ஹாட் அண்ட் கோல்ட்' ஏசி 1.5 டன் என்றால் 18000 பிடியூ, கிட்டத்தட்ட 5.3 கிலோவாட். இதைப் பார்த்து மீட்டர் பறக்கும் என்று பயந்துவிடாதீர்கள். அது அறைக்குள் வந்து சேரும் வெப்பம். இழுக்கும் மின்சாரம் அல்ல. ஏசி வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளியே குளிர்காற்றில் மிச்சமிருக்கும் வெப்பத்தை அள்ளி உள்ளே தள்ளுகிறது. அதனால் மின்செலவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வரும். வெளியே குளிர் கூடக் கூட இந்த லாபம் குறையும். ராடு ஹீட்டர், ஆயில் ஹீட்டர், புளோயர் எல்லாவற்றிலும் எடுக்கும் மின்சாரம் அத்தனையும் அப்படியே வெப்பமாகிறது. '2000 வாட் ஆயில் ஹீட்டர் புளோயரைவிட அதிகச் சூடு தரும்' என்று யாராவது விற்க வந்தால், சிரித்துவிட்டு நகருங்கள். சூடு ஒன்றுதான், அறையில் பரவும் விதம்தான் வேறு.

படி 4: கீசருக்குப் போட்டுப் பார்ப்போம்

கிலோகலோரி இங்கேதான் அழகாக உதவுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 15 லிட்டர் கீசரில் 15 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 45 டிகிரிக்கு ஏற்ற: 15 × 30 = 450 கிலோகலோரி. கீசர் 2 கிலோவாட் என்றால் மணிக்கு 1720 கிலோகலோரி. 450 ÷ 1720 × 60, சுமார் 16 நிமிடம். கொஞ்சம் சூடு வெளியே போவதால் இன்னும் ஓரிரு நிமிடம் கூடலாம்.

கேஸ் கீசர் மட்டும் ஏன் திறந்த உடனே கொட்டுகிறது? நிமிடத்துக்கு 6 லிட்டர், 25 டிகிரி ஏற்றம்: 150 கிலோகலோரி. மணிக்கு 9000. 860-ஆல் வகுத்தால் சுமார் 10.5 கிலோவாட்! வீட்டு பிளக் எதுவும் அதைத் தாங்காது. ஆனால் காற்றோட்டமில்லாத பாத்ரூமில் அதை மாட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

படி 5: பிளக்

வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 2000 வாட்டுக்கு 8.7. அதனால் 6 ஆம்பியர் சின்ன பிளக் ஆகாது, 16 ஆம்பியர் பவர் பிளக்தான்.

சரி, மாமியின் ஹீட்டர்? பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் 120 வோல்ட் என்று இருந்தது. அதை இங்கே நேரடியாகச் செருகினால் வோல்ட் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, வெப்பமோ அதன் வர்க்கத்தில் ஏறும்: 5500 வாட்டுக்குப் பாய்ந்து கம்பி கருகிவிடும். டிரான்ஸ்பார்மர் வாங்கலாம், ஆனால் அது ஹீட்டரைவிடக் கனம். பெட்டி அப்படியே பரணுக்குப் போயிற்று. மறுநாள் 2000 வாட் ஹீட்டர் வந்தது. மாமி வீட்டு ஹாலில் இருக்கும் ஒரே பவர் பிளக் ஏசியுடையது. மார்ச் வரை அது ஹீட்டருக்கு.