நேர சர்வர் இரண்டு போதாது, நான்கு கொடுங்கள்

என்டிபி (நெட்வொர்க் வழியே கம்ப்யூட்டரின் கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) செட்டிங்கில் நேர சர்வர்களை இரண்டோடு நிறுத்தாமல் நான்காகக் கொடுத்துவிடுங்கள். இரண்டே இருந்து, ஒன்று 10:00, மற்றொன்று 10:05 என்றால் எது தப்பு என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. மூன்று இருந்தால் ஒத்துப்போகும் இரண்டை நம்பி, மாறிச் சொல்வதைத் தள்ளிவிடும். நான்காவது எதற்கு? ஒன்று படுத்துவிட்டாலும் அந்த மூன்று மிஞ்சும். லினக்ஸில் இந்த வேலையைச் செய்யும் குரோனி புரோகிராம் இருந்தால் 'குரோனிசி சோர்சஸ்' (chronyc sources) என்று கமாண்ட் அடித்துப் பாருங்கள். நட்சத்திரக் குறி போட்டதுதான் இப்போது பின்பற்றும் சர்வர், எக்ஸ் போட்டது தப்பு நேரம் சொல்வது.

நான்கும் ஒரே மூலத்திலிருந்து நேரம் எடுப்பவை என்றால் பயனில்லை. அப்புறம், கூகுளின் நேர சர்வர்களை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. லீப் நொடியை, அதாவது உலக நேரத்தில் எப்போதாவது கூட்டும் ஒரு நொடியை, அவை 24 மணி நேரத்தில் பரப்பிவிடும்; அப்போது மற்ற சர்வர்களோடு நேரம் ஒத்துப்போகாது. விண்டோஸ் டொமைனில் (ஆபீஸ் கம்ப்யூட்டர்களை ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பு) சேர்ந்த கம்ப்யூட்டர்களுக்கு இந்த நான்கு சர்வர் செட்டிங் வேண்டாம், அவை அதை நிர்வகிக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரிடமே நேரம் கேட்கட்டும்.