கடற்கரை விளையாட்டுக் காணொளிகள்: மங்கலைக் குறைப்பதும் நிறத்தைச் சீராக்குவதும்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களில் மாலையில் நடக்கும் கபடி, கைப்பந்து ஆட்டங்களைக் கைபேசியில் எடுப்பவர்களுக்கு இரண்டு குறைகள் வாடிக்கையாக உண்டு. ஓடுபவரின் கைகால்கள் இழுபட்டு மங்கலாகின்றன. மணல் வெளுத்துப்போக, ஆட்டக்காரர்களின் முகம் கறுத்துப்போகிறது. நிறக் குறையைப் பெரும்பாலும் எடிட்டிங்கில் சரிசெய்துவிடலாம். மங்கலைப் படமெடுக்கும்போதே தடுக்காவிட்டால் பிறகு வழியில்லை. ஆகவே கீழ்வரும் படிகளில் பாதிக்கு மேல் ஆட்டக்களத்திலேயே செய்ய வேண்டியவை.

படி 1: நிற்குமிடம்

தொண்டி, தேவிபட்டினம் போன்ற பாக் ஜலசந்திக் கரை ஊர்களில் கடல் கிழக்கே இருப்பதால், மாலையில் ஊர்ப்பக்கம் நின்று கடலை நோக்கி எடுத்தால் வெயில் நம் முதுகில் விழும்; ஆட்டக்காரர்களின் முகம் தெளிவாகத் தெரியும். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் கடல் தெற்கே இருப்பதால் களத்தின் மேற்கு ஓரமே ஏற்ற இடம். கேமராவுக்குக் குறுக்காக ஓடுபவரைவிட, கேமராவை நோக்கி வருபவர் குறைவாகவே மங்குவார். கபடியில் எதிரணியின் கடைக்கோட்டு மூலைக்குப் பின்னால் நின்றால், ரெய்டுக்கு வருபவர் நேராக நம்மை நோக்கி வருவார். டிஜிட்டல் ஜூமைத் தொடாமல், இயன்றவரை நாமே நெருங்கிச் செல்வது நல்லது.

படி 2: லென்ஸும் டிரைபாடும்

கடற்காற்றில் சிறிது நேரம் நின்றாலே லென்ஸில் உப்புப் படலம் படிந்து, படம் முழுவதும் சாம்பல் பூத்தது போலாகிவிடும். முதலில் மணல் துகள்களை ஊதி அகற்றிவிட்டு, பிறகே மைக்ரோஃபைபர் துணியால் துடைக்க வேண்டும். இல்லையேல் கண்ணாடியில் கீறல் விழும். கச்சான் என்னும் மேற்குக் காற்று வீசும் மாதங்களில் டிரைபாடின் நடுவில் மணல் நிரப்பிய பையொன்றைத் தொங்கவிடுங்கள்.

படி 3: ஷட்டர் வேகம்

மங்கலுக்குக் காரணம், ஒவ்வொரு பிரேமும் (காணொளியின் தனிப்படம்) பதிவாகும் கணநேரத்தில் ஆட்டக்காரர் நகர்ந்துவிடுவதுதான். வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடுபவர், ஒளியை உள்ளே விடும் ஷட்டர் 1/60 வினாடி திறந்திருந்தால் அதற்குள் 10 செ.மீ. நகர்ந்துவிடுவார்; 1/500 வினாடியில் 1.2 செ.மீ. மட்டுமே நகர்வார். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் அடிக்கப்படும் கைப்பந்து 1/60 வினாடியில் ஏறத்தாழ 33 செ.மீ. கடக்கிறது. பந்தின் விட்டமே சுமார் 21 செ.மீ. என்பதால், படத்தில் பந்துக்குப் பதிலாக ஒரு வெள்ளைக் கோடுதான் விழும். எனவே கபடிக்கு 1/500, கைப்பந்துக்கு 1/1000 என்று தொடங்கலாம்.

கைபேசியின் புரோ மோடிலோ, இலவசமாகக் கிடைக்கும் பிளாக்மேஜிக் கேமரா செயலியிலோ இதை நாமே அமைக்க முடியும். வினாடிக்கு 60 பிரேம் வைத்தாலே மங்கல் போய்விடும் என்பது பாதி உண்மைதான்: ஷட்டர் 1/60 வினாடிக்கு மேல் திறந்திருக்காது என்ற அளவுக்கே அது உதவும். பெரும்பாலான கைபேசிகளில் லென்ஸின் திறப்பு மாறாதது. ஆதலால் ஷட்டர் வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறன் அளவையும் இரட்டிப்பாக்க வேண்டும். பொழுது சாயச் சாயப் படத்தில் புள்ளிகள் பெருகும். அப்போது ஷட்டர் வேகத்தை 1/250 வரை குறைக்கலாம். அதற்கு மேல் குறைப்பதைவிடப் புள்ளிகளைப் பொறுத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

படி 4: மின்விளக்கு ஆட்டங்கள்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன. 1/500 வைத்தால் படத்தில் கருப்புப் பட்டைகள் ஓடக்கூடும். 1/100 வைத்தால் அவை மறையும். மங்கல் சற்றுக் கூடும். ஓடுபவரோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பினால் அவர் உருவமாவது தெளிவாக விழும்.

படி 5: பூட்ட வேண்டியவை

வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் அமைப்பைத் தானியங்கியில் விட்டால், கேமரா கடலிலிருந்து மணலுக்குத் திரும்பும்போதெல்லாம் நிறம் மாறும். வெயிலில் 5500 கெல்வின் வைத்துப் பூட்டிவிடுங்கள். வெளிச்ச அளவை, மணல் வெளுத்துப்போகும் எல்லைக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். இருண்ட முகத்தைப் பிறகு ஓரளவு தூக்கலாம். முற்றிலும் வெளுத்த மணலில் மீட்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

படி 6: நிறத்தைச் சீராக்குதல்

டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு இதற்குப் போதும். கலர் பக்கத்தில் சிவப்பு, பச்சை, நீல அளவுகளைக் காட்டும் பரேட் வரைபடத்தைத் திறந்துகொண்டு, மணல் உச்சியைத் தொடாதபடி கெயினையும் (வெளிச்சப் பகுதி), முகம் தெளியுமளவு காமாவையும் (இடைப் பகுதி), கருமை திரும்புமளவு லிஃப்டையும் (இருண்ட பகுதி) இந்த வரிசையிலேயே நகர்த்துங்கள். பிறகு ஒயிட் பேலன்ஸ் பிக்கரால் எல்லைக்கோட்டு நாடாவையோ வெள்ளைச் சட்டையையோ தொடுங்கள். மணலைத் தொடக்கூடாது. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும் அதில் மஞ்சள் கலந்திருப்பதால், அதை வெள்ளையென்று கொண்ட மென்பொருள் படம் முழுவதையும் நீலத்தில் தோய்த்துவிடும்.

சாச்சுரேஷன் (நிறச் செறிவு) இயல்பாக 50-இல் இருக்கும். 58-ஐத் தாண்ட வேண்டாம். கடலை நீலமாக்கும் ஆசையில் முகங்களைக் கெடுத்துவைப்பவர்களே அதிகம். தோல் நிறம் சரிதானா என்பதை நிறங்களை வட்டத்தில் காட்டும் வெக்டர்ஸ்கோப்பின் தோல்நிறக் கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கறுத்த தோலும் சிவந்த தோலும் வெளிச்சத்தில் வேறுபட்டாலும் அக்கோட்டை ஒட்டியே அமையும். ஷார்ப்னெஸை ஏற்றினால் விளிம்புகள் கூர்மையாகுமே தவிர, மங்கிய சட்டை எண் படிக்கும்படி திரும்பி வராது.

படி 7: வெளியீடு

1080பி, 60 பிரேம் காணொளியை யூடியூபில் ஏற்றுவதற்கு வினாடிக்கு 12 மெகாபிட் என்பது அத்தளமே பரிந்துரைக்கும் அளவு. ஆட்டக்காரர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்புவதாயின், வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக இணைத்து அனுப்புங்கள். கோப்பு சுருக்கப்படாமல் அப்படியே போய்ச் சேரும்.